பெரியவர்களுக்குக் காது பரிசோதனை: அறைக்குள் என்ன செய்வார்கள், ரிப்போர்ட்டில் என்ன இருக்க வேண்டும்?

#1 · செவிவழி

டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறது. போனை ஒரே காதில்தான் வைக்கிறார்கள். பேரப்பிள்ளை பேசுவது மட்டும் புரிவதில்லை. இந்த நிலையில் முதல்முறையாக ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வரையும் தாள்) எடுக்கப் போகிறவர்களுக்கும், கூடப் போகிறவர்களுக்கும் இந்த இழை.

ஊசி கிடையாது, வலி கிடையாது, வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம். முழுப் பரிசோதனைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முதலில் கேள்விகள்: எந்தக் காது, எப்போதிருந்து, மெல்லக் குறைந்ததா ஒரே நாளில் போனதா, இரைச்சல் உண்டா, தலைசுற்றல் உண்டா, சீழ் வடிந்ததா, என்ன வேலை, என்னென்ன மருந்து, குடும்பத்தில் யாருக்காவது உண்டா. அடுத்து ஓட்டோஸ்கோப்பால் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) காதுக்குழாயையும் செவிப்பறையையும் பார்ப்பார்கள்.

பிறகு நான்கு சோதனைகள். ஹெட்போனில் சத்தம் கொடுத்துப் பார்ப்பது காற்றுவழி. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்துப் பார்ப்பது எலும்புவழி. சொற்களைத் திருப்பிச் சொல்வது பேச்சுச் சோதனை. செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்ப்பது டிம்பனோமெட்ரி. இதில் முதலாவதை மட்டும் பத்து நிமிடத்தில் முடித்து, தாளில் இரண்டு கோடு இழுத்துக் கொடுக்கும் இடங்கள் நிறைய. கேள்வி, அதாவது கேட்கும் திறன், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்தத் தாள் தோராயமாகச் சொல்லும். எதனால் குறைந்தது என்று சொல்லாது. அதை நம்பிக் காது மெஷின் வாங்குவதும் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதும் தவறு. விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பகுதியாக எழுதுங்கள்.

#2 · அரசு ஆஸ்பத்திரி ஆடியோ

போவதற்கு முன் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி ரிப்போர்ட்டுகள் கெடுவது இங்கேதான்.

காதில் எண்ணெய் விடாதீர்கள். காய்ச்சிய தேங்காய் எண்ணெய், பூண்டு எண்ணெய், எதுவாக இருந்தாலும் வேண்டாம். செவிப்பறை மேல் எண்ணெய் நின்றால் ஓட்டோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது, டிம்பனோமெட்ரி முனையும் அடைத்துக்கொள்ளும். பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு போட்டுக் குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளே போய்விடும். சும்மா கொஞ்சம் குறும்பி இருந்தால் கேள்வி குறையாது. ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் சத்தம் போய்விடும். முழுசா அடைத்திருந்தால்தான் குறையும். அப்போது ஈ.என்.டி மருத்துவர் எடுத்துவிட்ட பிறகு பரிசோதனை. தண்ணீர் பீய்ச்சி எடுத்திருந்தால் காது நன்றாகக் காய்ந்த பிறகு வாருங்கள். காதில் ஓட்டை இருப்பவர்களும் சீழ் வடிபவர்களும் குறும்பி இளக்கும் சொட்டு மருந்தைத் தானாக வாங்கிப் போடக் கூடாது.

பெரிய சத்தத்தில் இருந்துவிட்டு நேராக வரக் கூடாது. தறி ஷிப்டு, கோயில் கொடையில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றது, கல்யாண வீட்டு ஸ்பீக்கர், தீபாவளி வெடி எல்லாமே கணக்கு. காது தற்காலிகமாக மந்தமாகி, பிறகு தேறும். அதனால் குறைந்தது 14 மணி நேரம் அமைதி வேண்டும். காலை முதல் ஷிப்டு ஏறுவதற்கு முன் அல்லது வார விடுமுறைக்கு மறுநாள் எடுப்பது நல்லது.

கடும் சளி இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடலாம். ஆனால் கேள்வி திடீரென்று போயிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அதை #11-ல் மருத்துவர் எழுதியிருக்கிறார். *(திருத்தம்: எண் பின்னர் சேர்த்தது.)*

ஜிமிக்கி, மாட்டல், பெரிய தோடு, மூக்குக்கண்ணாடி எல்லாம் கழற்ற வேண்டும். ஹெட்போன் மெத்தை காதோடு ஒட்டி உட்காராவிட்டால் 250, 500 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலிகள் ஓரத்தில் கசிந்துவிடும். இல்லாத குறைவு தாளில் ஏறும். கொண்டை, பூ ஹெட்போன் பட்டையைத் தூக்கினாலும் இதே கதி.

#3 · செவிவழி

காற்றுவழிச் சோதனையை நான் எழுதுகிறேன்.

ஒலி புகாத அறையில் உட்கார வைப்பார்கள். சிவப்பு ஹெட்போன் வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கையில் ஒரு பட்டன். பீப் கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும்.

எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்களோ அதில் தொடங்குவார்கள். முதல் ஒலி 1000 ஹெர்ட்ஸ், 30 டெசிபல். (ஹெர்ட்ஸ் என்பது ஒலி தாழ்ந்ததா உயர்ந்ததா என்ற எண், டெசிபல் என்பது சத்தத்தின் அளவு.) கேட்கவில்லை என்றால் 50-க்கு ஏற்றுவார்கள். கேட்டுவிட்டால் 10 டெசிபல் இறக்குவார்கள். கேட்காமல் போனதும் 5 டெசிபல் ஏற்றுவார்கள். பத்து இறக்கு, ஐந்து ஏற்று. ஏறி வரும்போது மூன்றில் இரண்டு முறை எந்த ஆகக்குறைந்த அளவில் அழுத்துகிறீர்களோ அதுதான் அந்த ஒலிக்கான புள்ளி. பிறகு 2000, 4000, 8000. அடுத்து மறுபடியும் 1000, அதன்பின் 500, 250. பக்கத்துப் பக்கத்து ஒலிகளுக்கு நடுவே 20 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் இடையில் 750, 1500, 3000, 6000 ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

1000-ஐ இரண்டாவது முறை பார்ப்பது வேண்டாத வேலை இல்லை. முதல் விடைக்கும் இரண்டாவது விடைக்கும் 5 டெசிபலுக்குள் வித்தியாசம் இருந்தால் நம்பலாம். 10-க்கு மேல் போனால் சொன்னது புரியவில்லை என்றுதான் பொருள். திரும்பச் சொல்லிக் கொடுத்து முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

#4 · வைகைக்கரை

ஒரு சந்தேகம். சில சமயம் பீப் வந்ததா, காதுக்குள் இருக்கும் இரைச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாதவர்கள் என்ன செய்ய வேண்டும்? தவறாக அழுத்தினால் ரிப்போர்ட் கெட்டுவிடும் என்று பயந்து, நிச்சயமாகக் கேட்டால்தான் அழுத்துவது என்று இருந்துவிடுகிறார்கள்.

#5 · செவிவழி

பயந்து காத்திருந்தால் எல்லாப் புள்ளியும் 5, 10 டெசிபல் கீழே இறங்கி, உள்ளதைவிட அதிகக் குறைவு போலக் காட்டும். "கேட்ட மாதிரி இருக்கு" என்றாலே அழுத்துங்கள். ஒரே அளவில் பல முறை கொடுத்துத்தான் முடிவு செய்கிறோம், ஒரு தவறான அழுத்தம் எதையும் மாற்றாது.

காது இரைச்சல் இருப்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சீரான பீப்புக்குப் பதில் விட்டு விட்டு வரும் பீப்பையோ, ஏறி இறங்கி ஊசலாடும் ஒலியையோ கொடுப்போம். உள்ளே ஓடுகிற இரைச்சலிலிருந்து அதைப் பிரிப்பது எளிது. சோதிப்பவர் ஒரே தாளத்தில் பீப் கொடுத்துக்கொண்டே போனால் உங்கள் விரல் அந்தத் தாளத்துக்குத் தானாக அழுத்த ஆரம்பித்துவிடும். இடைவெளியை மாற்றி மாற்றிக் கொடுப்பது அவர் பொறுப்பு. கூட வந்தவர் சோதிப்பவரின் கையையும் விளக்கையும் பார்த்துவிட்டுத் தலையசைத்துச் சைகை காட்டுவதும் நடக்கும். தயவுசெய்து வெளியே உட்காருங்கள்.

#6 · அரசு ஆஸ்பத்திரி ஆடியோ

எலும்புவழியும் மாஸ்கிங்கும். கொஞ்சம் நீளமாகப் போகும், ஆனால் முழு இழையிலும் இதுதான் முக்கியம்.

காதுமடலுக்குப் பின்னால் துருத்தியிருக்கும் எலும்பில் தீப்பெட்டியைவிடச் சிறிய அதிர்வுக் கருவியை ஒரு ஸ்டீல் பட்டையால் அழுத்தி வைப்பார்கள். முடி நடுவில் மாட்டக் கூடாது, மடலைத் தொடக் கூடாது. இந்த அதிர்வு வெளிக்காதையும் நடுச்செவியையும் தாண்டி நேராக உட்செவிக்குப் போகிறது. 250 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை பார்ப்போம்.

எலும்புவழி நன்றாக இருந்து காற்றுவழி மட்டும் குறைந்திருந்தால் தடை வெளியிலோ நடுவிலோ: குறும்பி, செவிப்பறை ஓட்டை, நடுச்செவி நீர், சிற்றெலும்பு இறுகிப்போனது. மருந்தாலோ ஆபரேஷனாலோ சரியாக வாய்ப்புள்ளது. இரண்டும் சேர்ந்தே குறைந்திருந்தால் கோளாறு உட்செவியிலோ நரம்பிலோ. இந்த ஒரு வேறுபாட்டில்தான் அடுத்த சிகிச்சை முழுவதும் நிற்கிறது.

இப்போது சிக்கல். மண்டை ஓட்டு எலும்புகள் ஒன்றோடொன்று இறுகச் சேர்ந்தவை. வலப்பக்கம் வைத்த அதிர்வு இடது உட்செவிக்கும் ஏறத்தாழ அதே பலத்தோடு போய்ச் சேரும். ஹெட்போன் சத்தமும் தாண்டும். மடல்மேல் வைக்கும் ஹெட்போனில் சுமார் 40 டெசிபல் குறைந்து மறுபக்கம் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு வலது காது முழுக்கச் செத்துவிட்டது. இடது காது நல்ல காது, 10 டெசிபலில் கேட்கும். வலப்பக்க ஹெட்போனில் 50 கொடுத்தால் 40 குறைந்து 10 ஆக இடது உட்செவிக்குப் போகிறது. அவர் நேர்மையாகப் பட்டனை அழுத்துவார். தாளில் "வலது காது 50" என்று ஏறும். எலும்புவழியில் எதுவும் குறையாது, ஆகவே "வலது எலும்புவழி 10" என்று ஏறும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடுச்செவிக் கோளாறு, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று வரும். உண்மையில் அந்தக் காதில் ஒன்றுமே இல்லை.

இதைத் தடுக்கத்தான் மாஸ்கிங். நல்ல காதில் மழை கொட்டுவது போன்ற "ஸ்ஸ்" இரைச்சலைக் கொடுத்து அதை வேறு வேலையில் மும்முரமாக்கிவிட்டு, மற்றக் காதைச் சோதிப்போம். இரைச்சலைக் கண்டுகொள்ள வேண்டாம், பீப்புக்கு மட்டும் அழுத்துங்கள். சோதிக்கும் காதின் காற்றுவழிக்கும் மறுகாதின் எலும்புவழிக்கும் 40 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் காற்றுவழிக்கு மாஸ்கிங் கட்டாயம். ஒரே காதில் காற்றுக்கும் எலும்புக்கும் 10-க்கு மேல் இடைவெளி தெரிந்தால் எலும்புவழிக்குக் கட்டாயம்.

தாளில் எப்படித் தெரிந்துகொள்வது? வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. மாஸ்கிங் செய்திருந்தால் வட்டம் முக்கோணமாகவும் பெருக்கல் குறி சதுரமாகவும் மாறும். எலும்புவழிக்குக் கூர்மையான கோண அடைப்பு. மாஸ்கிங் செய்ததற்குச் சதுர அடைப்பு. இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம் காட்டும் தாளில் முக்கோணமோ சதுரமோ எங்குமே இல்லை என்றால், "மாஸ்கிங் செய்தீர்களா?" என்று கேளுங்கள்.

#7 · ஆடியாலஜி மாணவி

#6-க்கு ஒரு சேர்க்கை. 40 என்பது மடல்மேல் வைக்கும் ஹெட்போனுக்கு. காதுக்குழாய்க்குள் நுரைப்பஞ்சு முனையோடு சொருகும் இயர்போன் என்றால் 55-க்குக் குறையாது. அதனால் மாஸ்கிங் தேவையே பல இடங்களில் இல்லாமல் போகும்.

வயதானவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குருத்தெலும்பு தளர்ந்திருப்பதால் ஹெட்போன் அழுத்தும்போது காதுக்குழாய் வாய் மடிந்து மூடிக்கொள்ளும். உயர்ந்த ஒலிகளில் பொய்யான இடைவெளி வரும், இல்லாத நடுச்செவிக் கோளாறு தெரியும். டிம்பனோமெட்ரி நன்றாக இருக்கிறது, ஆனால் காற்றுக்கும் எலும்புக்கும் இடைவெளி இருக்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சொருகும் இயர்போனுக்கு மாற்றினால் இடைவெளி மறைந்துவிடும்.

#8 · அரசு ஆஸ்பத்திரி ஆடியோ

சரியாகச் சொன்னீர்கள் மேடம். 250 ஹெர்ட்ஸ் எலும்புவழியையும் கவனிக்க வேண்டும். சத்தம் கூடும்போது காது கேட்காதவர்களுக்கும் தோலில் அதிர்வு உறைக்கும். அதைக் "கேட்கிறது" என்று நினைத்து அழுத்திவிடுவார்கள். "கேட்டுச்சா, அதிர்ந்துச்சா?" என்று கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

#9 · செவிவழி

பேச்சுச் சோதனை இரண்டு பகுதி. முதலில் பழக்கமான எளிய சொற்களைக் குறைத்துக்கொண்டே போய், பாதிச் சொற்களைச் சரியாகச் சொல்லும் அளவைக் கண்டுபிடிப்பது. இது 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் புள்ளிகளின் சராசரியோடு ஏறத்தாழ 10 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் இரண்டில் ஒன்று தவறு. பீப்புக்கு 60, பேச்சுக்கு 30 என்று வந்தால் பீப் சோதனையை மறுபடி எடுக்க வேண்டும்.

அடுத்து, அந்த அளவுக்கு மேல் சுமார் 40 டெசிபல் கூட்டி, வசதியான சத்தத்தில் 25 சொற்கள். சொல்லுக்கு 4 சதவீதம். இது சத்தம் போதுமான அளவு இருந்தால் எவ்வளவு புரிகிறது என்று காட்டும். மெஷின் எவ்வளவு உதவும் என்பதை முன்கூட்டிச் சொல்வது இந்த எண்தான். சராசரி 50 டெசிபல் உள்ள இருவரில் ஒருவருக்கு 92 சதவீதம், மற்றவருக்கு 44 சதவீதம் என்று வரலாம். முதலாமவர் மெஷினில் நன்றாகத் தேறுவார். இரண்டாமவருக்குச் சத்தம் கூடும், தெளிவு அதே அளவு கூடாது. அதை விலை பேசும் முன்பே அவருக்குச் சொல்லியாக வேண்டும். 88-லிருந்து 84 ஆகிவிட்டது என்று கவலைப்பட வேண்டாம், அது ஒரே ஒரு சொல்.

சொற்பட்டியல் அவரவர் புழங்கும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் மட்டும் பேசும் பாட்டிக்கு ஆங்கிலப் பட்டியல் போட்டால் வருவது காதின் மதிப்பெண் ஆகாது. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் அதையும் முன்பே சொல்லலாம். பாதிதான் கேட்டாலும் கேட்டதைச் சொல்லுங்கள். "கட்டை" என்றதை "சட்டை" என்று சொன்னால் எந்த ஒலி போய்விட்டது என்பது எங்களுக்குத் தெரியும். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வில் பலமாக வரும். சகரம், ககரம், தகரம் போன்றவற்றின் அடையாளம் உயர்ந்த அதிர்வில் மெலிதாக இருக்கிறது. உயர்ந்த ஒலி மட்டும் குறைந்தவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பதற்கு இதுதான் காரணம். சொல்பவரின் வாய் தெரியக் கூடாது. பதிவு செய்த குரலாக இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த வருடத் தாளோடு ஒப்பிடலாம்.

#10 · ஆடியாலஜி மாணவி

டிம்பனோமெட்ரி சுருக்கமாக. ரப்பர் முனையைக் காதில் அடைத்து, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். ஊட்டி மலைப்பாதையில் காது அடைப்பது போல இருக்கும், சில நொடிகள்தான். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது.

மலைமுகடு போல நடுவில் உயர்ந்த கோடு 'ஏ' வகை, செவிப்பறை நன்றாக அசைகிறது. முகடு இடப்பக்கம் நகர்ந்தால் 'சி', மூக்குக்கும் நடுச்செவிக்கும் இடையிலுள்ள குழாய் சரியாகத் திறக்கவில்லை. முகடே இல்லாத தட்டைக் கோடு 'பி'. 'பி' என்ற எழுத்தை மட்டும் பார்த்து "காதில் நீர்" என்று முடிவு கட்டக் கூடாது, பக்கத்தில் இருக்கும் காதுக்குழாய்க் கொள்ளளவையும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அது 0.6 முதல் 1.5 மில்லி வரை இருப்பது வழக்கம். கொள்ளளவு சரியாக இருந்து தட்டையாக இருந்தால் நடுச்செவியில் நீர். மிகக் குறைவாக இருந்தால் குறும்பி, அல்லது முனை குழாய்ச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்து மறுபடி வைக்க வேண்டும். மிக அதிகமாக இருந்தால் செவிப்பறையில் ஓட்டை.

#11 · தஞ்சை ஈ.என்.டி

பரிசோதனைக்கு முறைவரிசை பார்த்துக் காத்திருக்கக் கூடாத ஒரு நிலை உண்டு. காலையில் எழுந்தால் ஒரு காது கேட்கவில்லை, அல்லது போனை அந்தக் காதில் வைத்ததும் ஒன்றும் இல்லை. "சளி அடைப்பு, இரண்டு நாளில் சரியாகும்" என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 72 மணி நேரத்துக்குள் அடுத்தடுத்த மூன்று ஒலிகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ குறைந்தால் அது திடீர் உட்செவிக் கேள்விக்குறைவு. ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் கடந்துவிட்டால் பலன் குறைந்துகொண்டே போகும். அன்றைக்கே ஈ.என்.டி பார்க்க வேண்டும். ஆடியோகிராம் வசதி இல்லாத ஊரிலும் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்த்தாலே அடைப்பா, உட்செவியா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். அடைப்பென்றால் மந்தமான காதிலேயே சத்தம் பலமாகக் கேட்கும். உட்செவியென்றால் நல்ல காதில் கேட்கும்.

இரண்டாவது, இரு காதுக்கும் உள்ள வித்தியாசம். வயதால் வரும் குறைவு இரண்டிலும் ஏறக்குறையச் சமமாக, உயர்ந்த ஒலிகளில் சரிந்து போகும். எலும்புவழியில் அடுத்தடுத்த ஒலிகளில் 15 டெசிபலுக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் கூடுதல் குறைவு, ஒரு காதில் மட்டும் இரைச்சல், பீப் அளவுக்குப் பொருந்தாமல் மிகக் குறைந்த பேச்சு மதிப்பெண், இவற்றில் எது இருந்தாலும் செவிநரம்பில் கட்டி இல்லை என்று எம்.ஆர்.ஐ எடுத்து உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அந்தக் கட்டி புற்றுநோய் வகை இல்லை. ஆனால் பார்க்காமல் அந்தக் காதுக்கு மெஷின் மாட்டி அனுப்பிவிட்டால் வருடக்கணக்கில் தெரியாமல் வளரும்.

#12 · வைகைக்கரை

நன்றி டாக்டர். "இலேசானது", "நடுத்தரம்" என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் வருகிறது. எது சரி?

#13 · செவிவழி

இரண்டும் சரியாக இருக்கலாம், அளவுகோல்தான் வேறு. ஒரு காதில் 500-ல் 25, 1000-ல் 30, 2000-ல் 35, 4000-ல் 60 என்று வைத்துக்கொள்வோம். பழைய மருத்துவமனை வழக்கப்படி முதல் மூன்றின் சராசரி 30; 26 முதல் 40 வரை இலேசான குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அளவுகோலில் 4000-ஐயும் சேர்த்து நான்கின் சராசரி, 37.5, அதில் 20 முதல் 35-க்குள் இலேசு, 35 முதல் 50-க்குள் நடுத்தரம். ஒரே காது, ஒரே தாள், இரண்டு பெயர். பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு ஒலிக்கும் எத்தனை டெசிபல் என்று பாருங்கள். இந்த எடுத்துக்காட்டில் மூன்று ஒலிச் சராசரி, 4000-ல் இருக்கும் 60-ஐ மறைத்துவிடுகிறது. அவர் பேச்சு புரியாமல் திணறுவது அங்கேதான்.

இன்னொன்று: டெசிபல் சதவீதம் கிடையாது. "40 டெசிபல் குறைவு" என்றால் 40 சதவீதம் காது போய்விட்டது என்று பொருள் இல்லை.

#14 · பஞ்சாலை பாதுகாப்பு

நூற்பாலை, விசைத்தறி, பிரஸ் ஷாப் தொழிலாளர்களுக்கு 3000, 6000 ஹெர்ட்ஸையும் கட்டாயம் சேர்த்துக் கேளுங்கள். இரைச்சலால் வரும் பாதிப்பு 4000-ஐ ஒட்டிப் பள்ளம் விழுந்து, 8000-ல் மறுபடி மேலே ஏறும். வயதால் வருவது 8000 வரை சரிந்துகொண்டே போகும். 3000, 6000 இல்லாத தாளில் பள்ளத்தின் விளிம்பு தெரியாது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. வேலையில் சேரும்போது எடுத்த முதல் ஆடியோகிராம் கையில் இருந்தால்தான் பின்னாளில் எவ்வளவு இறங்கியது என்று நிரூபிக்க முடியும். அதன் நகலைத் தொழிலாளி தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

#15 · தஞ்சை ஈ.என்.டி

இதே விதி மருந்துக்கும் பொருந்தும். அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் இவை தொடங்கும் முன் ஒரு ஆடியோகிராம், நடுவில் மறுபடி. முதலில் அடிபடுவது 8000-க்கு மேலே உள்ள ஒலிகள். வசதி இருந்தால் 16000 வரை பார்க்கும் உயர் அதிர்வுச் சோதனையைக் கேளுங்கள். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. தாளை எடுத்துக்கொண்டு மருந்து எழுதியவரிடமே போங்கள்.

#16 · நெல்லை வாசகி

வயது முதிர்ந்து பட்டன் அழுத்தவே தெரியாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் என்ன செய்வது?

#17 · அரசு ஆஸ்பத்திரி ஆடியோ

பட்டன் கட்டாயம் இல்லை. கை தூக்கலாம், தலையசைக்கலாம், "ம்" சொல்லலாம். காலை வேளையில், சாப்பிட்ட பிறகு, களைப்பில்லாதபோது கூட்டிவாருங்கள். ஒரே அமர்வில் முடியாவிட்டால் இரண்டாகப் பிரிக்கலாம். முதல் நாள் 500, 1000, 2000, 4000 மட்டும் இரண்டு காதிலும் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

அதுவும் முடியாதென்றால் பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசையோடு மின்முனைகள் ஒட்டி, காதில் டக் டக் ஒலி கொடுத்து, நரம்பும் மூளைத்தண்டும் தரும் அலைகளைக் கணினி பதியும். படுத்துத் தூங்கினால் இன்னும் நல்லது. அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள், மின்முனை ஒட்டாது. கிளிக் ஒலி பெரா பெரும்பாலும் 2000 முதல் 4000 வரையிலான பகுதியைத்தான் சொல்லும், தாழ்ந்த ஒலிகளைச் சொல்லாது. ஆடியோகிராமுக்கு அது முழு மாற்று ஆகாது.

#18 · நெல்லை வாசகி

மிக்க நன்றி. ஊனமுற்றோர் சான்றிதழுக்கும் இதே தாள் போதுமா?

#19 · அரசு ஆஸ்பத்திரி ஆடியோ

தனியாரில் எடுத்ததைக் கொண்டுவரலாம், ஆனால் சான்றளிக்கும் மருத்துவமனையில் மறுபடி எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் பெராவும் கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 முதல் 70 டெசிபல் குறைவு என்றால் கேள்விக்குறைவு உடையவர், 70 என்றால் காது கேளாதவர். ஒரு காது நல்ல காதாக இருந்தால் பலன்களுக்கான 40 சதவீதத்தை எட்டுவது கடினம். ஒவ்வொரு காதுக்கும் அட்டவணைப்படி சதவீதம் கண்டு, நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மற்றக் காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். நல்ல காதுக்கு 50, மோசமான காதுக்கு 80 என்றால் 330-ஐ ஆறால் வகுத்து 55 சதவீதம்.

#20 · கடைத்தெரு_காதுகள்

மார்ச் 3 உலக செவித்திறன் நாளை ஒட்டி இலவச முகாம்கள் நிறைய நடக்கின்றன. செல்போன் ஆப்களும் வந்துவிட்டன. இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

#21 · செவிவழி

யாரை முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிப்பதற்கு நம்பலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆப்பில் இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைக் கேட்டு அழுத்த வேண்டும். ஆரம்பப் பரிசோதனைக்கு நல்ல கருவி. எந்த ஆப்பாலும் எலும்புவழி பார்க்க முடியாது.

முகாமில் கெடுவது அறை. கல்யாண மண்டபத்தில் மின்விசிறி, ஜெனரேட்டர், ஆள் பேச்சு எல்லாம் 250, 500 ஹெர்ட்ஸை மூழ்கடிக்கும். எல்லோருக்கும் தாழ்ந்த ஒலியில் 30, 35 என்று வரும். முகாமில் வந்த அத்தனை தாளும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் அளந்தது மண்டபத்தைத்தான்.

எங்கே போனாலும் மூன்றைப் பாருங்கள். கருவியில் அளவுத்திருத்தம் செய்த தேதி ஒட்டியிருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள். ஹெட்போன் அந்தக் கருவியோடு சேர்த்துத் திருத்தப்பட்டது, பக்கத்து அறைக் கருவியிலிருந்து கழற்றி மாட்டினால் திருத்தம் போச்சு. மூன்றாவது, கையெழுத்துப் போட்டவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கப் படித்தவர்) தானா; பெயருக்குக் கீழே பதிவு எண் இருக்க வேண்டும். மெஷின் விற்கும் கடையில் உட்கார்ந்து சோதிப்பவர் எல்லோரும் ஆடியாலஜிஸ்ட் இல்லை.

#22 · ஆடியாலஜி மாணவி

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஹோட்டலிலும் கல்யாண வீட்டிலும் மட்டும் புரியவில்லை என்பவர்களை "காது நார்மல்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அமைதியான அறையில் பீப் கேட்பது வேறு, இரைச்சலில் பேச்சைப் பிரிப்பது வேறு. இரைச்சலோடு பேச்சு கொடுக்கும் சோதனையையும், உட்செவியின் புறமயிர்ச் செல்கள் திருப்பி அனுப்பும் மெல்லொலியைப் பதியும் ஓ.ஏ.இ-யையும் கேட்டு வாங்குங்கள். ஓ.ஏ.இ நன்றாக வந்து பெரா அலைகள் சிதைந்திருந்தால் கோளாறு நரம்பு பக்கம்; அதற்குச் சிகிச்சை வழி வேறு.

#23 · கடைத்தெரு_காதுகள்

கடைசியாக ஒன்று. மெஷின் போடப் போகிறவர்களுக்குத் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

#24 · செவிவழி

எந்தச் சத்தம் தாங்க முடியாமல் போகிறது என்ற அளவு. உட்செவிக் கோளாறு உள்ளவர்களுக்கு 60-ல்தான் கேட்கத் தொடங்கும், ஆனால் 95-ல் எரிச்சல் வந்துவிடும். நடுவில் இருப்பது 35 டெசிபல் இடம்தான். மெஷினின் உச்ச சத்தத்தை அதற்குள் கட்டிவைக்காவிட்டால் பாத்திரம் விழுகிற சத்தத்துக்கே கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பேச்சு மதிப்பெண்ணும் இந்த அளவும் எழுதாத தாளை வைத்து யாராவது அன்றைக்கே மெஷின் விலை சொன்னால், தாளின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் காட்டுங்கள். இரண்டு காதுக்கும் எல்லாப் புள்ளியும், குறியீட்டு விளக்கமும், தேதியும் உள்ள நகல் வேண்டும். "நடுத்தரம்" என்று ஒரு வரி எழுதிய சீட்டு அடுத்த மருத்துவருக்குப் பயன்படாது.